பதுளையில் சாமி, கொழும்பில் நோயாளி

உ
கொழும்பு, செட்டியார் தெரு
விரோதிகிருது வருஷம் பங்குனி 6 (1912 மார்ச்சு)

அன்புள்ள அக்கா ராமலட்சுமிக்குத் தம்பி வடிவேல் வணக்கம். நான் சுகம். நீயும் வீட்டாரும் சுகமாயிருக்க முருகன் துணை.

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. அத்தான் உயிரோடு இருக்கிறார். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சித்திரை வியாபாரத்துக்கு அரிசிக் கடையில் சேலையும் வைக்கலாம் என்று எடுக்க இங்கே வந்தாரல்லவா? வந்த நாள் முதல் தூங்கவில்லை. ஓயாத பேச்சு. பதுளை முழுவதற்கும் தான் ஒருவரே உடுத்தக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். போன வாரம் நடுத்தெருவில் நின்று சேலைக் கட்டுகளை அவிழ்த்து, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தார். வாங்கிக்கொண்ட கூட்டமே அவரைப் பிடித்துப் போலீஸில் ஒப்படைத்தது. சேலையை மட்டும் யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. நீதவான் டாக்டரை விட்டுப் பார்க்கச் சொல்லி, சித்தசுவாதீனம் இல்லாதவர்களை வைத்துப் பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்.

அங்கே போனவன் திரும்பமாட்டான் என்று நம் ஊரில் சொல்வார்கள். நம்பாதே. எங்கள் கடைக் கணக்கப்பிள்ளையின் மைத்துனர் போய்த் திரும்பி, இப்போது துறைமுகத்தில் வேலை பார்க்கிறார். நேற்று அத்தானைப் பார்த்தேன். என்னை அடையாளம் கண்டு உன்னை விசாரித்தார்.

தைரியமாயிரு.
வடிவேல்

~

பதுளை
பங்குனி 15

தம்பி வடிவேலுக்கு அக்கா எழுதுவது. கடிதம் என்றால் சுகம் என்று எழுதவேண்டும், ஆகையால் இங்கே சுகம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்று அழுதேன், இப்போது அழவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். உன் கடிதத்தை அவர் அண்ணன், என் மூத்தாரிடம் கொடுத்தேன். அவருக்குத் தம்பி மேல் பாசம் இல்லை என்று சொல்லமாட்டேன். படித்துவிட்டு வெகுநேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆனால் வைகாசியில் அவர் மகள் அன்னலட்சுமிக்குக் கல்யாணம், மாப்பிள்ளை வீடு பண்டாரவளை. மறுநாள் எங்கள் கடைக்கு வந்த பக்கத்துக் கடை லத்தீப் நானா, "எங்க தர்மலிங்கம், இன்னும் கொழும்பிலயா?" என்று கேட்டார். கடை நிறைய ஆட்கள். மூத்தார் இமை கொட்டவில்லை. "அவன் கதிர்காமம் போயிட்டான் நானா. காவி கட்டிட்டான். நம்ம கையில என்ன இருக்கு, முருகன் கூப்பிட்டான்" என்றார்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். மூத்தார் ஒரே பொய்யில் முடித்துவிடுவார் போலிருக்கிறது. பைத்தியக்காரனின் அண்ணன் மகள் என்றால் பந்தல்கால் ஊன்ற விடமாட்டார்கள். சாமியாரின் அண்ணன் மகள் என்றால் தாங்களே வந்து ஊன்றுவார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது எங்கள் தெருவில் இரண்டு கட்சி: சாமியார் பெண்டாட்டி பூ வைக்கலாம் என்று ஒன்று, கூடாது என்று ஒன்று. நான் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அவர் சாப்பிடுகிறாரா? அதை மட்டும் மறைக்காமல் எழுது.
ராமலட்சுமி

~

கொழும்பு
பரிதாபி வருஷம் சித்திரை 12

அக்காவுக்கு வணக்கம். புது வருஷம் உனக்கு நல்லதாய் அமையட்டும். எனக்கு லேசான சளி, வேறு குறையில்லை.

அத்தான் சாப்பிடுகிறார். ஊட்டினால் சாப்பிடுகிறார். ஓயாத பேச்சு அடங்கி, இப்போது பேச்சே இல்லை. டாக்டர் இது இந்த நோயின் போக்குத்தான் என்கிறார். பேயும் இல்லை, செய்வினையும் இல்லை. சுரம் உடம்பில் வருவதுபோல இது மனசில் வருகிறது, சிலருக்கு இறங்கும், சிலருக்கு இறங்காது, யாருக்கு இறங்கும் என்று முன்கூட்டிச் சொல்லும் சாஸ்திரம் தம்மிடம் இல்லை என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னாரே, அதனால் எனக்கு அவரிடம் நம்பிக்கை வந்தது.

அங்கே சங்கிலியால் கட்டி அடிப்பார்கள் என்று நம் ஆட்கள் சொல்வதை நான் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் நெருக்கடி. கட்டில் போதாமல் பாய் போட்டிருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் பெரிய டாக்டர் ஒருவர். தூங்க மருந்து, கஞ்சி, தோட்டத்தில் களை பிடுங்கும் வேலை, இவ்வளவுதான் வைத்தியம். மனசை வருத்தியது இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை ஆட்களைப் பார்க்க வருகிறவர்கள் என்னோடு ஏழெட்டுப் பேர்தான். மற்றவர்களுக்கு ஆள் இல்லையா என்று காவல்காரரைக் கேட்டேன். "இருக்காங்க. ஊருல செத்துட்டதா சொல்லியிருப்பாங்க" என்றார்.

நீ அவருக்கு நாலு வரி எழுது. நான் படித்துக் காட்டுகிறேன்.
வடிவேல்

~

பதுளை
வைகாசி 28

தம்பிக்கு ஆசீர்வாதம். இங்கே மழை. யாவரும் சுகம்.

அன்னலட்சுமி கல்யாணம் குறைவில்லாமல் நடந்தது. சம்பந்தி வீட்டார் நல்ல மனிதர்கள்; என்னைப் பந்தியில் முதலில் உட்காரவைத்தார்கள். கடையில் கற்பூரம் நன்றாய் விற்கிறது. இதனுடன் அவருக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன்.

வேறு விசேஷமில்லை.
ராமலட்சுமி

~

கொழும்பு
ஆனி 9

அக்காவுக்கு வணக்கம். நான் சுகம். நீ சுகமா என்று கேட்கமாட்டேன். லத்தீப் நானா சாமான் எடுக்க வந்தவர் எல்லாம் சொல்லிவிட்டார்.

"உங்க அக்கா கையால திருநீறு வாங்கணும்னா வெள்ளிக்கிழம விடிய முந்தியே வந்து நிக்கணும் தம்பி. தோட்டத்து ஆளுங்க எல்லாம் வாறாங்க. தர்மலிங்கம் சாமி அனுப்புற திருநீறாம்" என்றார். கற்பூரம் ஏன் நன்றாய் விற்கிறது என்று இப்போது விளங்கிற்று. வேறு விசேஷமில்லை என்று எப்படியக்கா எழுதினாய்? எனக்குக் கோபம் ஆறவில்லை.

நானும் ஒன்று மறைத்தேன். பங்குனியில் அத்தான் என்னை அடையாளம் கண்டார் என்று எழுதினேனே, இல்லை. என்னைப் போலீஸ்காரன் என்று நினைத்துச் சுவரோரம் ஒதுங்கினார். நீ தாங்கமாட்டாய் என்று மாற்றி எழுதினேன்.

இப்போது எழுதுவது முழு உண்மை. அத்தான் தெளிந்துவிட்டார். போன ஞாயிறு, "கடையில வெல்லத்த மழ ஈரம் படாம வச்சிருக்காங்களா?" என்று கேட்டார். அன்று நானாவையும் கூட்டிப்போயிருந்தேன். அவர் சாமியார் கதையைச் சொல்ல, அத்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆடியில் விட்டுவிடலாம் என்கிறார் டாக்டர். ஆனால் எந்த வீட்டுக்குத் திரும்பப் போகிறாரோ அந்த வீட்டு ஆள் வந்து பொறுப்பேற்கவேண்டும். நான் கடையில் பாய் போட்டுப் படுப்பவன், என் கையெழுத்துச் செல்லாது. மூத்தாரை உடனே அனுப்பு.
வடிவேல்

~

பதுளை
ஆனி 20

தம்பிக்கு ஆசீர்வாதம். உன் சளி போயிற்றா? போகாவிட்டால் சுக்கு போட்டுக் குடி.

ஆமாம், கொடுத்தேன். அதற்கு நீ கொதிக்கவேண்டாம். சித்திரையில் ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பெரியாயி என்று ஒருத்தி மகளோடு வந்தாள். கொழுந்து பறிப்பவள். அவள் மகள் ரெங்கம்மாவுக்குப் பதினேழு வயது. யாரோ கூப்பிடுகிறார்கள் என்று காது கொடுத்துக்கொண்டே இருக்கிறாளாம், தூங்குவதில்லை, எழுந்து மலைப்பக்கம் போய்விடுகிறாளாம். பகலில் பெரட்டில் பேர் கொடுத்து வேலைக்குப் போகும்போது அவளை லயத்து வீட்டில் கட்டிப்போட்டுவிட்டுப் போகிறாளாம் தாய். "சாமிகிட்ட சொல்லி ஒரு துளி திருநீறு வாங்கித் தாங்கம்மா" என்று என் காலைப் பிடித்தாள். மூத்தார் கடையில் விற்கிற பொட்டலம் ஒன்றைப் பிரித்து என் கையில் வைத்தார். நீயாயிருந்தால் என்ன செய்திருப்பாய்? அந்தப் பெண்ணின் மணிக்கட்டில் கயிற்றுத் தடம் இருந்தது. கொடுத்துவிட்டேன். அடுத்த வெள்ளி அவள் நாலு பேரைக் கூட்டிவந்தாள்.

அவர் தெளிந்துவிட்டார் என்று நீ எழுதியதைப் படித்துப் பூஜை அறையில் போய் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். சந்தோஷத்தில்தான்.

மூத்தார் வரமாட்டார் போலிருக்கிறது. "ஆடி போகட்டும், மகள் அங்க கொஞ்சம் ஊனிக்கட்டும். அவனுக்கு அங்க சோறு போடுறாங்கல்ல?" என்று கதவுப்பக்கம் பார்த்துச் சொன்னார். நான் அவர் எதிரில் பேசுகிற வழக்கம் இல்லை, உனக்குத் தெரியும். அந்த வழக்கத்தை யார் ஏற்படுத்தினார்களோ.
ராமலட்சுமி

~

கொழும்பு
ஆடி 5

சௌபாக்கியவதி ராமலட்சுமிக்குத் தர்மலிங்கம் எழுதுவது. என் உடம்பு நன்றாயிருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? திருநீறு கொடுத்துக் கொடுத்துக் கை வலிக்கவில்லையே?

நான் சாமியான செய்தி கேட்டு, இத்தனை மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு விலையாய்ப் போயிற்று. கேள்.

விடுவதற்கு முன் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். பக்கத்தில் தமிழ் தெரிந்த காவல்காரர். "உன் மனசில் விசித்திரமாய் ஏதாவது உண்டா?" என்று கேட்டார். "எனக்கு இல்லை ஐயா, எங்கள் ஊருக்குத்தான்" என்றேன். வாய் சும்மா இருந்திருக்கலாம். "அங்கே என்னைச் சாமி என்று கும்பிடுகிறார்கள்" என்றும் சொன்னேன். டாக்டர் பேனாவை எடுத்துவிட்டார்.

"எத்தனை பேர்?"

"வெள்ளிக்கிழமையானால் தெரு நிறையும்."

"உனக்கு எப்படித் தெரியும்? அவர்கள் குரல் கேட்கிறதா?"

"இல்லை ஐயா, லத்தீப் நானா வந்து சொன்னார்."

"அந்த லத்தீப்பை உன்னைத் தவிர யாராவது பார்த்திருக்கிறார்களா?"

வடிவேல் ஓடிப்போய் எல்லாம் மெய் என்று சொன்னான். வீட்டுக்குக் கூட்டிப்போகிற ஆசையில் சொந்தக்காரர்கள் எதற்கும் தலையாட்டுவார்கள் என்று டாக்டர் அவன் முதுகைத் தட்டி அனுப்பிவிட்டார். அவர் பேரில் பிழை இல்லை. இங்கே என் பக்கத்துப் பாயில் படுத்திருப்பவர் கண்டி ராஜா. அவரும் ஊரே தன்னைக் கும்பிடுகிறது என்றுதான் சொல்கிறார். என்னை இன்னும் ஆறு மாதம் வைத்துப் பார்ப்பதென்று எழுதியாயிற்று.

பங்குனியில் நான் உளறியதெல்லாம் பொய். ஆனால் அன்று சேலையை எத்தனை பேர் நம்பி வாங்கிப்போனார்கள்! இன்று சொன்னது மெய், நம்ப ஆள் இல்லை.

வேடிக்கை போதும், லட்சுமி. நோயில் கிடந்தபோது நாள் போனது தெரியவில்லை. தெளிந்த பிறகு இங்கே ஒரு பொழுது போவது கஷ்டமாயிருக்கிறது. எனக்குப் பயமாகவும் இருக்கிறது. அண்ணன் வரமாட்டார், எனக்குத் தெரியும். நீ வா. நான் கல்லாவில் உட்காரவேண்டும். சாமியாயிருக்க எனக்குத் திறமை இல்லை.
தர்மலிங்கம்

~

பதுளை
ஆடி 20

தம்பிக்கு ஆசீர்வாதம். உடம்பு சுகமா? என்னைக் கேட்காதே, எனக்கு நேரமில்லை. ஆடி 26 காலையில் பண்டாரவளையில் ரயில் ஏறுகிறேன். நீ நிலையத்துக்கு வந்து நில்.

கேள். வெள்ளிக்கிழமை வந்தவர்களிடம் வாசலில் நின்று உண்மையைச் சொல்லிவிட்டேன். "என் வீட்டுக்காரர் கதிர்காமத்தில் இல்லை. கொழும்பில் பைத்தியத்துக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறார். இது கடைத் திருநீறு" என்றேன். மூத்தார் கல்லாவில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். கூட்டம் கலையும், கல் கூட விழும் என்று நினைத்தேன். பெரியாயி கன்னத்தில் போட்டுக்கொண்டு, "பெரியவங்க அப்பிடித்தாம்மா. பித்தன் மாதிரி வேஷம் போட்டுத்தான் நம்மள சோதிப்பாக" என்றாள். எல்லோரும் ஆமாங்க ஆமாங்க என்று இன்னும் பக்தியாய் வாங்கிப்போனார்கள். இதற்கிடையில் கதிர்காமத் திருவிழாவுக்குப் போய்வந்த இரண்டு பேர் அவரை மாணிக்க கங்கைக் கரையில் கண்டார்களாம். தாடி மார்புவரை என்கிறார் ஒருவர், மொட்டை என்கிறார் மற்றவர்.

அங்கே டாக்டர் மெய்யைப் பைத்தியம் என்கிறார். இங்கே இவர்கள் பைத்தியத்தை லீலை என்கிறார்கள். இரண்டு பேரையும் நேருக்கு நேர் நிறுத்தினால்தான் தீரும். பெரியாயியையும் ரெங்கம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவள் சாமி தரிசனத்துக்கு வருகிறாள். லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்கள் பயப்படுகிறார்கள், எங்கேயாவது கொண்டுபோய்க் காட்டு என்று கங்காணியும் லீவு கொடுத்துவிட்டான். துணைக்கு லத்தீப் நானா வருகிறார்; டாக்டர் கண்ணில் அவரையும் காட்டவேண்டுமே.
ராமலட்சுமி

~

கொழும்பு
ஆவணி 2

மூத்தார் அவர்களுக்கு ராமலட்சுமி பணிவுடன் எழுதுவது. நீங்களும் அக்காளும் சுகமாயிருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் எதிரில் நான் நின்று பேசியதில்லை. கடிதத்தில் எதிரில் நிற்கவேண்டியதில்லை, ஆகவே எழுதுகிறேன்.

மூன்று நாளுக்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் பெரியாயி மகளின் கையைத் தன் கையோடு முந்தானையால் முடிந்துகொண்டு வந்தாள். டாக்டர் முன்னால் வடிவேல் எங்கள் பேச்சை இங்கிலீஷில் சொன்னான். லத்தீப் நானாவைக் காட்டி, "இவர்தான் அந்த லத்தீப்" என்றான். டாக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு உங்கள் தம்பியை அழைத்துவரச் சொன்னார்.

இளைத்திருக்கிறார். தலைமயிரை ஒட்ட வெட்டியிருக்கிறார்கள். நான் எழுந்து போவதற்குள் பெரியாயி "சாமீ!" என்று நெடுஞ்சாண்கிடையாய் அவர் காலில் விழுந்துவிட்டாள். மகளைக் காப்பாற்றச் சொல்லி அவளையும் இழுத்து விழவைத்தாள். டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "இவர்கள் யார்?" என்றார். "பதுளை" என்றான் வடிவேல். டாக்டர் உங்கள் தம்பியைப் பார்த்தார், பெரியாயியைப் பார்த்தார், கடைசியில் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பி வந்து தாம் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, "உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்" என்றார். ஒரு டாக்டர் நோயாளியிடம் அப்படிச் சொல்வார் என்று நான் நினைத்ததில்லை.

உங்கள் தம்பி பெரியாயியைத் தூக்கி உட்காரவைத்தார். "நான் சாமியில்லம்மா. பசார்ல அரிசிக்கட தர்மலிங்கம். எனக்குப் பைத்தியம் புடிச்சுது. இந்த ஆஸ்பத்திரியில பாயில கெடந்தேன். இப்ப தெளிஞ்சிருக்கு. அவ்வளவுதான்" என்றார். அவர் வாயால் கேட்டபிறகு அவளுக்கு வேஷம் என்று சொல்ல வழியில்லை. பிறகு என்னைப் பார்த்து, "அப்ப இத்தன மாசம் எம்மவளுக்கு நான் பூசுனது வெறுஞ் சாம்பலா?" என்றாள்.

ஆமாம் என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியவேண்டும், அதற்காகவே எழுதுகிறேன். பொட்டலத்தைப் பிரித்தது நீங்கள், கொடுத்தது நான். இரண்டு பேரும்தான் அந்தப் பெண்ணைக் கயிற்றில் வைத்திருந்தோம்.

அவள் என்னைத் திட்டவில்லை. டாக்டரைப் பார்த்து, "இவர எழுப்புன வைத்தியம் எம்மவளுக்கும் செய்வீங்களா?" என்று கேட்டாள். இவருக்கு வந்த நோய் வேறு, அவளுடையது வேறு, வாக்குக் கொடுக்க முடியாது, ஆனால் பார்க்கிறேன் என்றார் டாக்டர். முறைப்படி நீதவானிடம் போய் உத்தரவு வாங்கி ரெங்கம்மாவை விட்டுவிட்டு வந்திருக்கிறோம். முந்தானை முடிச்சை அவிழ்க்கப் பெரியாயிக்குக் கை வரவில்லை, நான்தான் அவிழ்த்தேன்.

வெள்ளிக்கிழமை பண்டாரவளையில் இறங்குவோம். உங்கள் தம்பி காவியில் வரமாட்டார். வெள்ளை வேட்டியில் வருவார். சம்பந்தி வீட்டுக்கு நீங்கள் சொல்கிறீர்களா, நாங்கள் இறங்கியதும் நேரே போய்ச் சொல்லட்டுமா?
ராமலட்சுமி

~

பதுளை
ஆவணி 5

சிரஞ்சீவி தர்மலிங்கத்துக்கு அண்ணன் ஆசீர்வாதம். இங்கே சுகம்.

பண்டாரவளை நிலையத்துக்கு வண்டி வரும். வண்டியில் நானும் வருவேன். வரும் வழியில் சம்பந்தி வீட்டில் இறங்கி, நானே சொல்கிறேன்.
சிவஞானம்

~

பதுளை
கார்த்திகை 11

தம்பி வடிவேலுக்கு அக்காவும் அத்தானும் ஆசீர்வாதம். இங்கே குளிர் அதிகம், ஆனாலும் சுகம். அங்கே மழையில் நனையாதே.

நீ கேட்டதற்கெல்லாம் பதில். அத்தான் தூங்குகிறார், சாப்பிடுகிறார், என்னோடு சண்டையும் போடுகிறார். டாக்டர் சொன்னபடி தூக்கம் கெட்டால் உடனே எழுதவேண்டும் என்று நான் கவனமாயிருக்கிறேன். திரும்ப வரலாம் என்று அவர் சொன்னது நினைவிருக்கிறது. வந்தால் மறுபடி ரயில் ஏறுவோம், வழிதான் தெரிந்துவிட்டதே.

அன்னலட்சுமியைத் தீபாவளிக்குச் சம்பந்தி வீட்டார் அனுப்பவில்லை. மாப்பிள்ளை மட்டும் தனியே வந்து இரண்டு நாள் இருந்து போனார். மூத்தார் அதற்கே மகிழ்ந்துபோனார். மற்றது போகப்போகத் தெரியும்.

கடையில் வெள்ளிக்கிழமைக் கூட்டம் நின்றுவிட்டது. சாமியாராயிருந்தபோது தெருவே வந்தது. பைத்தியம் தெளிந்தவர் என்றதும் சிலர் எதிர்க் கடைக்குப் போகிறார்கள். அவர் நிறுத்துக் கொடுக்கும்போது கையையே பார்க்கிறவர்களும் உண்டு. அவர் கவலைப்படவில்லை. "பாக்கட்டும், கை நடுங்காததயும் பாக்கட்டும்" என்கிறார்.

பெரியாயி சம்பள நாளில் வருகிறாள். முதல் தடவை வந்து, அவர் அரிசி நிறுப்பதையும் சில்லறை கொடுப்பதையும் பார்த்துக்கொண்டு ஓரமாய் நின்றாள். ஒன்றும் வாங்கவில்லை. நேற்றும் அப்படியே நின்றாள். "என்னம்மா, வாங்க, என்ன வேணும்?" என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றாள்.

"பின்ன என்னத்தப் பாக்குறீங்க?"

"உங்களத்தாங்க. சாமியா இருந்தப்ப உங்கள கும்பிட்டேன். இப்பத்தாங்க நம்புறேன்."

அவரால் மேலே நிறுக்க முடியவில்லை. தராசை வைத்துவிட்டு உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

ரெங்கம்மா இரண்டு வேளை தானாகச் சாப்பிடுகிறாள் என்று நீ எழுதியதை பெரியாயிக்குப் படித்துக் காட்டினேன். மறுபடி படிக்கச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போ. ரெங்கம்மாவுக்கு ஊரில் ஆள் இருக்கிறது என்று அந்தக் காவல்காரருக்கும் தெரியட்டும்.
அக்கா,
ராமலட்சுமி